மண் பிளாக் தொழிலில் முதலீடு: அச்சு வாங்கினால் போதுமா?

ஈரமண்:
வணக்கம். நாங்கள் நான்கு நண்பர்கள். வளரும் நாடு ஒன்றில், சாமானியர் கைக்கு எட்டுகிற, சூழலையும் கெடுக்காத கட்டுமானப் பொருள் தயாரிப்பில் பணம் போடலாம் என்று யோசித்து வருகிறோம். நிறைய தேடிப் பார்த்த பிறகு என் மனம் போய் நின்ற இடம் மண் பிளாக். மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அச்சில் போட்டு அழுத்தி எடுப்பது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், மண் காலடியிலேயே கிடக்கிறது. 1950களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் ராவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் 'சின்வா ராம்' என்கிற கை அச்சை உருவாக்கினார். அது உலகம் முழுக்கப் பரவியது. இப்போது அதைவிட நல்ல அச்சுகள் வந்துவிட்டன. எட்டு, பத்து ஆட்கள் இருந்தால் ஒரு நாளைக்கு 800 பிளாக் போடலாம் என்கிறார்கள்.

அச்சுக்கும் கொட்டகைக்கும் பணம் போட்டுவிட்டால் மற்றது தானாக ஓடிவிடும் என்பது எங்கள் எண்ணம். இதில் எங்கே சறுக்கும்? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

ரசமட்டம்:
தம்பி, நல்ல எண்ணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருடம் ஒரு மண் பிளாக் யார்டைப் பார்த்துக்கொண்டவன் நான். அந்த யார்டு இன்று இல்லை. அச்சு இருக்கிறது. எண்ணெய் போட்டால் நாளைக்கே ஓடும். அச்சு கெட்டுப்போய் நாங்கள் மூடவில்லை, கையில் காசு தீர்ந்துபோய் மூடினோம்.

கணக்கைப் பாருங்கள். 24 செ.மீ. சதுரம், 9 செ.மீ. உயரம் உள்ள ஒரு பிளாக் ஏறக்குறைய 10 கிலோ எடை இருக்கும். நூற்றுக்கு 5 பங்கு சிமெண்ட் என்றால் ஒரு பிளாக்குக்கு அரைக் கிலோ. 50 கிலோ மூட்டைக்கு 100 பிளாக். நாளைக்கு 800 போட்டால் 8 மூட்டை. சரி. ஆனால் அச்சிலிருந்து எடுத்த பிளாக்கை அன்றே வண்டியில் ஏற்ற முடியாது. முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாள் போட்டு மூட வேண்டும். அப்புறம் நெருக்கமாக அடுக்கி, 28 நாள் வரை ஈரம் காயாமல் தண்ணீர் காட்ட வேண்டும். அந்த நான்கு வாரத்தில் 24 வேலை நாள் என்று வையுங்கள். 19,200 பிளாக், 192 மூட்டை சிமெண்ட், ஒரு மாதக் கூலி, மண் சலித்த செலவு, தண்ணீர்ச் செலவு எல்லாம் தரையில் அடுக்கிக் கிடக்கும். ஒரு பைசா திரும்பியிருக்காது.

இது முதல் மாதம். வாங்குகிற ஒப்பந்தக்காரர் பொருள் இறங்கிய அன்றே பணம் தருவதில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் இழுப்பது சாதாரணம். ஆக, முதல் பிளாக்கின் பணம் உங்கள் கைக்கு வருவதற்கு முன் மூன்று நான்கு மாதச் செலவை நீங்கள் தாங்கியாக வேண்டும். அச்சின் விலையை விட இது பெரிய தொகை. நாங்கள் இருந்த பணத்தையெல்லாம் அச்சிலும் கொட்டகையிலும் போட்டுவிட்டு இதற்கு ஒன்றும் வைக்கவில்லை.

நடந்தது இதுதான். பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கு 12,000 பிளாக் எடுத்தவர் ஏழு மாதம் பணம் தரவில்லை. ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுமே என்று, 14 நாள் கூட ஆகாத அடுக்கைப் பிரித்து வேறொருவருக்கு விற்றோம். அங்கே வேலை செய்த கொத்தனார் ஒரு பிளாக்கைக் கையில் எடுத்து, கரணையின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். நன்றாக இறுகிய பிளாக் கணீரென்று ஒலிக்கும். அது 'தொப்' என்றது. மூலையும் உதிர்ந்து அவர் காலடியில் விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, பிளாக்கைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்கப்புறம் எங்கள் பிளாக்கை யாரும் தொடவில்லை.

முதலீடு என்றால் எதற்கு முதலீடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அந்த 28 நாளுக்கும் அதற்குப் பின் வருகிற 90 நாளுக்கும்தான்.

வட்டிக்கணக்கு:
ரசமட்டம் ஐயா சொன்னதை நூற்றுக்கு நூறு ஏற்கிறேன். சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் பக்கத்தில் இருந்தவன் நான். அச்சுக்கு, வண்டிக்கு, கொட்டகைக்குக் கடன் கேட்டால் எளிதாகக் கிடைக்கும், ஏனென்றால் அவற்றை அடமானமாக எழுதிக்கொள்ளலாம். ஈரமாக அடுக்கிக் கிடக்கிற பிளாக்கை யாரும் அடமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கே பணம் தேவையோ அங்கே கடன் வருவதில்லை.

ஆனால் நான் வேறொன்று கேட்கிறேன். சூழலுக்கு நல்லது செய்வதும் நோக்கம் என்றால், சிறு யார்டில் ஏன் போட வேண்டும்? உலகத்தின் கரியமில வாயுவில் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது. சூளையை 1450 டிகிரிக்குச் சூடாக்குகிற எரிபொருள் ஒரு பகுதி. அதைவிடப் பெரிய பகுதி, கிட்டத்தட்ட 60 சதவீதம், சுண்ணாம்புக்கல் வெந்து பிரியும்போது கல்லிலிருந்தே வெளியேறுகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது போகாது.

இதற்குத்தான் எல்சி3 என்ற சிமெண்ட் வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் (இபிஎஃப்எல்) கேரன் ஸ்க்ரிவனர் தலைமையில், கியூபா, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவானது. கிளிங்கரை, அதாவது சூளையில் சுட்டெடுத்து சிமெண்டாக அரைக்கிற கட்டியை, பாதியாகக் குறைத்து, 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு அரைத்த சுண்ணாம்புக்கல், 5 பங்கு ஜிப்சம் சேர்ப்பது. களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். சாதாரண சிமெண்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையும். வெப்பமண்டல நாடுகளில் இதற்கு ஏற்ற களிமண் ஏராளம். ஒரே ஆலையில் செய்கிற மாற்றம் ஆயிரம் யார்டுகள் செய்வதற்குச் சமம். பணம் அங்கே போக வேண்டாமா?

கொத்தனார் மகள்:
வட்டிக்கணக்கு அண்ணா, எல்சி3 பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் களிமண் சுடுகிற ஆலைக்கு வேண்டிய பணம் நான்கு நண்பர்கள் சேர்த்து வைத்த பணம் இல்லை. அது சிமெண்ட் நிறுவனங்களின் வேலை, அவர்கள் செய்யட்டும். இன்னொன்று, மண் பிளாக்குக்கும் சிமெண்ட் வேண்டும். நல்ல சிமெண்ட் வந்தால் நல்ல பிளாக் வரும். இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. நான் கட்டடப் பொறியாளர், அப்பா கொத்தனார். இணைப்புப் பள்ளம் உள்ள இன்டர்லாக் பிளாக் முதன்முதலாக அவர் வேலை செய்த இடத்துக்கு வந்தபோது, அவர் அதை வேண்டாம் என்றார். பிளாக் பிடிக்காமல் இல்லை. "கலவையே இல்லாமல் அடுக்கிக்கொண்டு போனால் பத்து நாள் வேலை நான்கு நாளில் முடிந்துவிடும். மிச்ச ஆறு நாள் கூலி யார் தருவார்?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் இல்லை. பிறகு ஒரு மேஸ்திரி, நாள் கூலியை விட்டுவிட்டுச் சதுர மீட்டர் கணக்கில் கூலி பேசினார். அன்றிலிருந்து அப்பாதான் அந்த பிளாக்குக்குப் பெரிய சிபாரிசு.

உங்கள் பொருளை வாங்குவது வீட்டுக்காரர் என்று நினைக்காதீர்கள். என்ன வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்வது கொத்தனார். அவர் தலையாட்டவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விற்காது. ஆகவே முதலீட்டில் ஒரு பகுதியைக் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு ஒதுக்குங்கள். பயிற்சி நாட்களுக்கும் கூலி கொடுங்கள். கூலியை இழந்துவிட்டு யாரும் கற்றுக்கொள்ள வரமாட்டார்கள்.

அப்புறம், 'மண் வீடு' என்ற சொல். ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். அந்த எண்ணத்தைப் பேசி மாற்ற முடியாது, கட்டிக் காட்டித்தான் மாற்ற வேண்டும். புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற கிராமத்தில் பிரான்சிஸ் கெரே 2001-ல் கட்டிய தொடக்கப்பள்ளி மண்ணோடு சிமெண்ட் சேர்த்த பிளாக்கால் ஆனது. தகரக் கூரையைச் சுவரிலிருந்து உயர்த்தி, இடையில் காற்று ஓடவிட்டார். கிராமத்து மக்களே கட்டினார்கள். 2022-ல் கட்டடக் கலையின் பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. முதல் வருடம் நீங்கள் போடுகிற பிளாக்கில் ஒரு பொதுக் கட்டடம் எழும்ப வேண்டும், நாலு பேர் தினமும் போய்வருகிற இடமாக. அதுதான் உங்கள் விளம்பரம்.

சாம்பல்கல்:
நான் சாம்பல் கல், அதாவது அனல் மின் நிலையச் சாம்பலில் செய்கிற கல் போடுகிறவன், மண் பிளாக் இல்லை. என்றாலும் ஒரு பாடம் பொதுவானது.

எங்கள் தொழிலை வளர்த்தது அரசாணை. இந்தியாவில் 1999-ல் வந்த அறிவிக்கை, அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கிற செங்கல் சூளைகள் சாம்பல் கலந்தே ஆக வேண்டும் என்றது. 2003-ல் அதை 100 கிலோமீட்டர் ஆக்கினார்கள், 2016-ல் 300. அரசுக் கட்டடங்களில் சாம்பல் கல் புழங்கத் தொடங்கியதும் தனியாரும் நம்பினார்கள். தரநிர்ணய எண் ஒன்று இருந்தால்தான் அரசுப் பொறியாளர் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் எத்தனை முறை போய் நின்றாலும் "பார்க்கலாம்" என்பதுதான் பதில். ஆகவே நீங்கள் போகிற நாட்டில் மண் பிளாக்குக்குத் தரநிர்ணயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் ஐஎஸ் 1725 இருக்கிறது. இல்லாத நாட்டில் அந்த வேலையையும் யாராவது இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டும். ஒரு யார்டால் ஆகாது.

மூலப்பொருள் அடுத்தவர் கழிவு என்றால் அதிலும் ஒரு பயம் உண்டு. சாம்பலை எடுத்துப் போனால் போதும் என்றிருந்த இடத்தில், அதற்குத் தேவை வந்ததும் விலை வந்துவிட்டது. மண்ணில் அந்தத் தொல்லை குறைவு, அது உங்களுக்கு நல்லது.

கார்பன் கிரெடிட், அதாவது கரியமில வாயுவைக் குறைத்ததற்குக் கிடைக்கிற பணம் பற்றி யாராவது பெரிதாகச் சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். சிறு யூனிட் ஒன்று தனியாகப் போய்ப் பதிவு செய்தால், பதிவுக்கும் தணிக்கைக்கும் ஆகிற செலவே வருமானத்தைத் தின்றுவிடும். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் சேர்த்துச் செய்கிற ஃபால்ஜி கல்லுக்கு உலக வங்கி வழியாகக் கார்பன் பணம் வந்தது, பல சிறு யூனிட்டுகளை ஒரே கட்டாகக் கட்டியதால்தான். அதை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் லாபம் என்று வையுங்கள்.

ஈரமண்:
உண்மையைச் சொன்னால், அச்சின் படத்தைப் பார்த்து மயங்கி இருந்தோம். நேற்று நால்வரும் உட்கார்ந்து ரசமட்டம் ஐயாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நாங்கள் வைத்திருந்த தொகையில் நடைமுறை மூலதனம், அதாவது விற்ற பணம் வரும் வரை தொழிலை ஓட்டுகிற பணம் என்று ஒரு வரியே இல்லை.

இரண்டு கேள்வி. மண் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு தூரம் வரை விற்கலாம்?

ரசமட்டம்:
தூரத்திலிருந்து தொடங்குகிறேன், அது எளிது. பத்து டன் ஏற்றுகிற வண்டியில் உங்கள் பிளாக் ஆயிரம் ஏறும். கலவைக் கோடு சேர்த்து ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 40 பிளாக். 80 சதுர மீட்டர் சுவர் உள்ள சின்ன வீட்டுக்கு 3,200 பிளாக், 32 டன், மூன்று வண்டிக்கு மேல். கனமான, விலை குறைந்த பொருள். வண்டி வாடகை பிளாக்கின் விலையை நெருங்கினால் உங்கள் மலிவு போய்விட்டது. அதனால்தான் இந்தத் தொழிலில் ஒரே இடத்தில் பெரிய ஆலை போடுவதை விட, அச்சைத் தூக்கிக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்கே போவது பல நேரம் கட்டுபடியாகும். நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு மலைக் கிராமங்களில் இன்டர்லாக் மண் பிளாக் பிடித்துக்கொண்டதற்கும் அது ஒரு காரணம். செங்கல்லை மேலே ஏற்றுவதை விட, அச்சையும் சிமெண்டையும் ஏற்றுவது எளிது.

மண்ணுக்கு வருவோம். சிமெண்ட் சேர்க்கிற பிளாக்குக்கு ஏற்ற மண் என்று ஆரோவில் மண் கட்டடக் கழகம் சொல்வது: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களிமண் 20 பங்கு. களிமண் அதிகம் என்றால் சுண்ணாம்பு சேர்ப்பது நல்லது, ஆனால் சுண்ணாம்பு இறுக இன்னும் நாளாகும். மேல்மண்ணை எடுக்காதீர்கள். வேரும் மட்கும் கலந்த மண்ணில் சிமெண்ட் பிடிக்காது, தவிர அது பயிருக்கு வேண்டிய மண்.

சோதனைக்கு லேப் வேண்டும்தான், ஆனால் முதலில் ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள், மறுபடி குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் சரளையும் மணலும், நடுவில் வண்டல், மேலே களிமண் கோடு கோடாகத் தெரியும். அளவுகோல் வைத்து அளந்து எழுதுங்கள்.

தூக்குக்குண்டு:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மண் சரியில்லாதபோது பலரும் செய்வது சிமெண்டை ஏற்றிவிடுவது. 5 பங்கில் ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 20 கிலோ சிமெண்ட். 10 பங்கு என்றால் 40 கிலோ. அந்த அளவில் ஹாலோ பிளாக் சுவருக்கு ஆகிற சிமெண்டையே தாண்டிவிடலாம். அப்போது அது மலிவும் இல்லை, பசுமையும் இல்லை, பெயர் மட்டும் மண் பிளாக். பணம் போடுகிறவர்கள் மாதாமாதம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த மாதம் எத்தனை மூட்டைக்கு எத்தனை பிளாக்?

மழைக்காலத்தை மறந்துவிடாதீர்கள். நனைந்த மண்ணைச் சலிக்க முடியாது. அந்த மாதங்களுக்கு வேண்டிய மண்ணைச் சலித்துக் கொட்டகைக்குள் சேர்த்து வைக்க வேண்டும். அதுவும் முடங்கிக் கிடக்கிற பணம்தான்.

வட்டிக்கணக்கு:
கொத்தனார் மகள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பெரிய ஆலைக்கு வேறு பணம் வரும், சரிதான். என் வாதத்தை அந்த அளவில் விட்டுவிடுகிறேன்.

பணத்தை எப்படிப் போடுவது என்று மட்டும் சொல்கிறேன். வருமானம் உள்ளூர் நாணயத்தில் வரும் தொழிலுக்கு டாலரில் கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். நாணய மதிப்பு விழுந்தால் பிளாக் நன்றாக விற்றாலும் கடன் அடையாது. மாதத் தவணைக் கடனும் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது, முதல் நான்கு மாதம் வரவே இல்லையே. பங்காகப் போடுங்கள். அல்லது விற்றபின் விற்றதில் இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகையில் பாதிக்குக் குறையாமல் நடைமுறை மூலதனமாகத் தனிக் கணக்கில் வையுங்கள். அதிலிருந்து அச்சு, வண்டி வாங்கக் கூடாது என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களும் பொறுமையாகத்தான் வந்திருக்கிறார்கள். மலாவியில் விறகு வைத்துச் சுடுகிற செங்கல்லுக்கு மாற்றாக மண், மணல், சிமெண்ட் கலந்த 'டியூராபிரிக்' வந்தது. லஃபார்ஜ்ஹோல்சிம் என்ற சிமெண்ட் கம்பெனியும், பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதி நிறுவனமும் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனத்துக்கு '14 ட்ரீஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு வீட்டைச் சுட்ட செங்கல்லுக்குப் பதில் அந்தக் கல்லால் கட்டினால் 14 மரங்கள் மிஞ்சும் என்ற கணக்கில் வந்த பெயர். சிமெண்ட் கம்பெனியின் விற்பனை வலையும், அவசரப்படாத அரசுப் பணமும் பின்னால் இருந்தன. சிறியவர்களுக்கு அந்த இரண்டும் இல்லை. அதனால் ஆர்டரை உறுதி செய்துகொண்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, அப்புறம் அச்சை இயக்குங்கள்.

ஈரமண்:
பாட்டில் சோதனை செய்துவிட்டேன். பார்த்து வைத்திருந்த நிலத்தில் இரண்டடிக்குக் கீழே தோண்டி எடுத்த மண். மொத்தம் 10 செ.மீ. படிந்தது. அடியில் மணலும் கொஞ்சம் சரளையும் 5 செ.மீ., அதன் மேல் வண்டல் 2, மேலே சிவப்பாகக் களிமண் 3. தண்ணீர் இன்னும் லேசாகக் கலங்கித்தான் இருக்கிறது. இது தேறுமா ஐயா?

ரசமட்டம்:
தேறும், ஆனால் அப்படியே தேறாது. களிமண் தண்ணீரில் உப்பி நிற்கும், ஆகவே உண்மையில் 3-க்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆனாலும் 3 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேருங்கள். களிமண் 20 பங்குக்கு வரும், வண்டல் 13, மணலும் சரளையும் சேர்ந்து 67. நான் சொன்ன அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது.

ஆனால் அதன் பொருளைப் பாருங்கள். நாளைக்கு 800 பிளாக் என்றால் எட்டு டன். அதில் கிட்டத்தட்ட இரண்டரை டன் வெளியிலிருந்து வாங்குகிற மணல். 'மண் காலடியிலேயே கிடக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள், மூன்றில் ஒரு பங்கு கிடக்கவில்லை. ஆற்று மணலை நம்பாதீர்கள், அது சூழலுக்கும் கேடு, விலையும் ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் கல் குவாரி இருந்தால் கிரஷர் தூளைச் சேர்த்துப் பாருங்கள். மூன்று விதமாகக் கலந்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து பிளாக் போட்டு, 28 நாள் வைத்து, லேபில் உடைத்துப் பாருங்கள். அச்சு வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

ஈரமண்:
குவாரி ஒன்று இருக்கிறது. நாளை காலை நாங்கள் இருவர் சாக்கோடு போகிறோம். அச்சுக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். 30 பிளாக்கும் உடைத்த பிறகு அளவுகளோடு வருகிறேன்.

கொத்தனார் மகள்:
உடைக்கிற அன்று இரண்டு கொத்தனார்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. அன்றைய கூலியைக் கொடுத்து.